எலீனா பேசிக்கொண்டிருந்தாள், நான் பொன் பொறுக்கிக்கொண்டிருந்தேன்

அன்சார்ட்டட் வீடியோ விளையாட்டுகளில் புதையல் கண்ணில் படும் விதமே அலாதி. இடிந்த சுவரோரம், வேர்கள் பின்னிய தரையில், ஒரு சின்ன மினுக்கல். பளிச்சென்று வந்து அணையும், கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப வரும். பக்கத்தில் போய் முக்கோணப் பொத்தானை அழுத்தினால் ஒரு பழைய மோதிரமோ வெள்ளிச் சிமிழோ கைக்கு வரும். நான்காவது பாகத்தில் இப்படி 109 பொருள்கள் சிதறிக் கிடக்கின்றன. ஒன்றைக்கூட எடுக்காமல் கதையை முடித்துவிடலாம். ஆனால் ஒரு தடவை அந்த மினுக்கல் பழகிவிட்டால் போதும், எந்த அறைக்குள் நுழைந்தாலும் கண் முதலில் மூலைகளைத்தான் தேடும்.

அந்தப் பாகத்தின் 17ஆவது அத்தியாயத்தில் நாயகன் நேத்தன் டிரேக்கும் அவன் மனைவி எலீனாவும் காட்டு வழியே நடக்கிறார்கள். அவளிடம் பொய் சொல்லிவிட்டுப் புதையல் தேட வந்தவன் அவன். அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. தெரிந்தும் தேடி வந்து, பள்ளத்தில் விழுந்து கிடந்தவனைக் காப்பாற்றியிருக்கிறாள். இப்போது நடந்துகொண்டே இருவரும் மெல்லப் பேசத் தொடங்குகிறார்கள். இத்தனை வருடம் அவளுக்குச் சொல்லாமல் வைத்திருந்ததை அவன் அவிழ்க்க வேண்டிய இடம் அது.

நான் அந்த நேரம் பார்த்து ஓரத்தில் ஒரு மினுக்கலைக் கண்டுவிட்டேன். டிரேக்கைத் திருப்பி அங்கே ஓடவிட்டேன். எலீனாவின் குரல் முதுகுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டே இருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி, "அவ பேசிட்டு இருக்கா, நீங்க எங்க போறீங்க?" என்றாள்.

கேலியாகச் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்டாள். அந்தக் கேள்வி பல நாள் என்னை விடவில்லை. அதே மாதம் இரவுகளில் நாங்கள் பிரேக்கிங் பேட் தொடரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு அது இரண்டாம் முறை, அவளுக்கு முதல் முறை. அந்தத் தொடர் முழுக்க ஒரு பெண் தன் கணவனிடம் இதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அன்சார்ட்டட் முதல் பாகம் வந்தது 2007 நவம்பரில். பிரேக்கிங் பேட் 2008 ஜனவரி 20 அன்று தொடங்கியது. நடுவில் இரண்டே மாதம். முதலாவது, நாட்டி டாக் நிறுவனத்தின் படைப்பு. சிரித்துக்கொண்டே பாறை விளிம்பில் தொங்கும் ஒரு சாகசக்காரனின் கதை. அடுத்தது வின்ஸ் கில்லிகன் உருவாக்கிய தொடர். நுரையீரல் புற்றுநோய் வந்த ஒரு வேதியியல் ஆசிரியர், குடும்பத்துக்குப் பணம் சேர்த்து வைக்க மெத் என்ற போதைப்பொருளைக் காய்ச்சத் தொடங்குகிறார். ஒன்று விடுமுறை மதியத்துக்கு, இன்னொன்று தூக்கம் வராத இரவுக்கு என்றுதான் நானும் பிரித்து வைத்திருந்தேன். ஆனால் இரண்டும் ஒரே இடத்தில்தான் தொடங்குகின்றன. வீட்டில் சொல்ல முடியாத ஒரு வேலை, அதை மூடி மறைக்க ஒரு பொய்.

2016 மே மாதம் வந்த அன்சார்ட்டட் நான்காம் பாகத்தில் எனக்கு மிகவும் பிடித்த காட்சியில் ஒரு துப்பாக்கிக் குண்டுகூட வெடிக்காது. டிரேக் பழைய வாழ்க்கையை விட்டுவிட்டான். ஆற்றுக்குள் மூழ்கிய சரக்குகளை மீட்டெடுக்கும் கம்பெனியில் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறான். சாயங்காலம் வீட்டுப் பரணில், பழைய பயணங்களின் நினைவுப் பொருள்களுக்கு நடுவே, பொம்மைத் துப்பாக்கியை வைத்துக்கொண்டு குறி பார்த்துச் சுடுகிறான். பிறகு கீழே இறங்கி வந்து எலீனாவோடு உட்கார்ந்து சாப்பிடுகிறான். அவள் தான் எழுதிக்கொண்டிருக்கும் கட்டுரையைப் பற்றிச் சொல்கிறாள். அவன் கண் சுவரில் மாட்டியிருக்கும் ஒரு படத்தில் போய் நிற்கிறது. அவள் சொல்வது காதில் விழுகிறது, மனதில் ஏறவில்லை. கவனித்தாயா என்று அவள் சோதிக்கும்போது பதிலைத் தேர்ந்தெடுக்க வேண்டியது விளையாடுகிற நாம். எனக்கும் அவள் என்ன சொன்னாள் என்று தெரியவில்லை. நானும் அந்தப் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தக் காட்சியை எழுதியவர்களை எவ்வளவு பாராட்டினாலும் தகும். ஆசை ஒரு மனிதனை எப்படி வீட்டுக்குள்ளேயே இல்லாமல் ஆக்குகிறது என்பதை வசனமே இல்லாமல் காட்டிவிடுகிறார்கள். அப்புறம் செத்துப்போனதாக நினைத்திருந்த அண்ணன் சாம் வந்து நிற்கிறான், ஒரு போதைப்பொருள் கும்பல் தலைவனுக்குக் கடன்பட்டதாகக் கதை கட்டுகிறான், டிரேக் கிளம்பிவிடுகிறான். எலீனாவிடம் மலேசியாவில் ஒரு வேலை என்கிறான். மடகாஸ்கரில் விடுதி அறைக் கதவைத் திறந்தால் அவள் உள்ளே இருக்கிறாள். இப்படி ஒரு அண்ணன் இருந்ததே அவளுக்கு அன்றுதான் தெரிகிறது.

இந்த விளையாட்டுகளில் டிரேக் கொன்று குவிக்கும் ஆள்களின் எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் போகும். இதைப் பற்றி நிறையப் பேர் எழுதியாகிவிட்டது. கதை காட்டும் மனிதனும் விளையாடும்போது நம் கையில் இயங்கும் மனிதனும் ஒத்துப்போகாத இந்த நிலைக்குக் கிளின்ட் ஹாக்கிங் என்ற விளையாட்டு வடிவமைப்பாளர் 2007இல், பயோஷாக் விளையாட்டைப் பற்றி எழுதும்போது, ஒரு பெயரே வைத்தார். லூடோநரேட்டிவ் டிஸனன்ஸ். நான்காம் பாகத்தில் 1,000 எதிரிகளை வீழ்த்தினால் கிடைக்கும் கோப்பைக்கு நாட்டி டாக் இதே பெயரைச் சூட்டியது. இரண்டாம் பாகத்தின் வில்லன் லாசரெவிச் கடைசியில் டிரேக்கைப் பார்த்து, இன்று ஒரு நாளில் மட்டும் நீ எத்தனை பேரைக் கொன்றாய் என்று கேட்பான். டிரேக்கிடம் பதில் இல்லை. கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் அடுத்த பாகத்தில் யாருக்கும் அது ஞாபகம் இருக்காது.

எனக்கு அந்தப் பிணக் கணக்கைவிட வேறொன்றுதான் உறுத்தியது. ஆயிரம் சாவு உறுத்தாத அந்த உலகத்தில் மனைவியிடம் சொன்ன ஒரு பொய் உறுத்துகிறது. அது மட்டும்தான் கதையை நிறுத்தி வைக்கிறது. முதலில் இது அபத்தமாகத் தெரிந்தது. பிரேக்கிங் பேட் மறுபடி பார்த்த பிறகு, எழுதியவர்களுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது என்று தோன்றியது.

அந்தத் தொடரில் ஆசிரியர் வால்ட்டர் வைட் முதன்முதலில் முகம் பார்த்து ஒருவனைக் கொல்வது முதல் சீசனின் மூன்றாவது எபிசோடில். கூட்டாளி ஜெஸ்ஸியின் வீட்டு நிலவறையில், தூணோடு சேர்த்து, சைக்கிள் பூட்டைக் கழுத்தில் மாட்டி வைத்திருக்கிறார்கள் போதைப்பொருள் விற்கும் கிரேஸி எய்ட் என்ற இளைஞனை. வால்ட்டர் ஒரு தாளில் இரண்டு பத்தி போட்டு எழுதுகிறார். உயிரோடு விடுவதற்கான காரணங்கள் ஒரு பக்கம், கொல்வதற்கான காரணங்கள் இன்னொரு பக்கம். முதல் பக்கத்தில் நிறைய இருக்கின்றன. இரண்டாம் பக்கத்தில் ஒரே வரி: விட்டால் இவன் உன் குடும்பத்தையே கொன்றுவிடுவான்.

அவனுக்கு ஓரம் வெட்டிய சாண்ட்விச் எடுத்துக்கொண்டு இறங்குகிறார். இருமல் வந்து மயங்கி விழுகிறார், தட்டு உடைகிறது. எழுந்து துண்டுகளைப் பொறுக்கிக் குப்பையில் போட்டுவிட்டு வேறு சாண்ட்விச் கொண்டுவருகிறார். இருவரும் பேசுகிறார்கள். பையனின் அப்பாவுக்கு நாற்காலி, மேசை, கட்டில் விற்கும் கடை. வால்ட்டர் தன் மகனுக்குத் தொட்டில் வாங்கியது அந்தக் கடையில்தான். சரி, விட்டுவிடலாம் என்று சாவி எடுக்க மேலே போகிறார். ஏதோ நெருடுகிறது. குப்பைத் தொட்டியிலிருந்து பீங்கான் துண்டுகளை எடுத்து, தரையில் ஒவ்வொன்றாகச் சேர்த்து வைக்கிறார். வட்டம் ஏறக்குறைய முழுமையாகிறது. ஒரு நீளமான கூர் துண்டு மட்டும் இல்லை. "வேண்டாம், வேண்டாம்" என்று தனக்குத்தானே முனகுகிறார். தட்டு முழுதாக இருந்திருக்கக் கூடாதா என்று கெஞ்சுகிற குரல் அது. பிறகு கீழே போய் அந்தப் பூட்டைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடித்துக் கொல்கிறார். கொல்லும்போது மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். முடிந்த பிறகும் கேட்கிறார்.

ஒரு ஆளைக் கொல்ல முழு எபிசோடையே செலவழித்திருக்கிறார்கள். முதல் முறை பார்த்தபோது இது வால்ட்டருக்காகப் பரிதாபப்பட வைக்கும் காட்சி என்று நினைத்தேன். இரண்டாம் முறை என் கண்ணில் பட்டது வேறு. இதுதான் அவர் காரணங்களைத் தாளில் எழுதிப் பார்க்கும் கடைசி முறை. அடுத்த சீசனில் ஜெஸ்ஸியின் காதலி ஜேன் போதை மயக்கத்தில் மல்லாந்து, வாந்தி தொண்டையில் அடைத்து மூச்சுத் திணறும்போது அவர் தாள் எடுக்கவில்லை. காப்பாற்ற ஓடி, கட்டிலின் அந்தப் பக்கம் போய், நின்றுவிடுகிறார். கண்ணீர் வருகிறது, கை நீளவில்லை. ஐந்தாவது சீசனில் பாலைவனத்தில் ஒரு சிறுவன் சுடப்படுகிறான். அடுத்து வரும் நாள்களில் வால்ட்டர் வேலை பார்த்துக்கொண்டே விசிலடிக்கிறார். பட்டியல், கண்ணீர், விசில். இந்த மூன்றையும் ஐந்து சீசன்களில், 62 எபிசோடுகளில் பரப்பி வைத்தார்கள். அதனால்தான் நாமும் கூடவே இறங்கிவந்தது நமக்கே தெரியவில்லை.

இப்படி இறங்கிப்போகும் நாயகனைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தது கில்லிகன் இல்லை. 1999இலேயே தி சொப்ரானோஸ் தொடரில், மகளைக் கல்லூரி பார்க்க அழைத்துப்போன இடத்தில் டோனி சொப்ரானோ பழைய காட்டிக்கொடுப்பவன் ஒருவனைக் கழுத்தை நெரித்துக் கொன்றுவிட்டான். 2002இல் தி ஷீல்ட் தொடரின் முதல் எபிசோடிலேயே ஒரு போலீஸ்காரன் சக போலீஸ்காரனைச் சுட்டான். ஆனால் அவர்கள் நாம் சந்திக்கும்போதே அப்படித்தான் இருந்தார்கள். வாத்தியார் ஒருவர் கண் முன்னால் கொஞ்சம் கொஞ்சமாக வேறு ஆளாவதைக் காட்டியதுதான் புதுசு.

இனி ஸ்கைலருக்கு வருகிறேன்.

2013இல் முதல் முறை பார்த்தபோது எனக்கு ஸ்கைலரைப் பிடிக்கவில்லை. வால்ட்டரின் மனைவி. வயிற்றில் குழந்தை, பதின்ம வயது மகனுக்கு மூளை வாதம், கணவனுக்குப் புற்றுநோய், இத்தனையும் அவள் தலையில். ஆனால் அப்போது எனக்கு அவள் கதைக்குக் குறுக்கே நிற்கும் ஆளாகத்தான் தெரிந்தாள். வால்ட்டர் காய்ச்சப் போக வேண்டும், சிக்கலிலிருந்து தப்பிக்க வேண்டும், அடுத்து என்ன ஆகும் என்று எனக்குப் பார்க்க வேண்டும். அந்த நேரம் பார்த்து இவள் போன் பண்ணி எங்கே இருக்கிறாய் என்று கேட்பாள். எனக்கு எரிச்சல் வரும்.

நான் மட்டுமில்லை. அந்தப் பாத்திரத்தில் நடித்த அன்னா கன், அதே ஆண்டு ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸில் ஒரு கட்டுரை எழுத வேண்டிவந்தது. பாத்திரத்தின் மீது தொடங்கிய வெறுப்பு தன் மீதே திரும்பியதை அதில் சொன்னார். தொடரில் கொலை செய்வது ஒருவர். அவரை நேசித்த அதே ரசிகர்கள், ஏன் செய்கிறாய் என்று கேட்டவளை வெறுத்தார்கள். அந்தக் கட்டுரையை அப்போது நான் படித்தேன். மற்றவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது சீசனின் கடைசி எபிசோடில் வால்ட்டருக்கு அறுவை சிகிச்சை. மருந்து ஏறி மயக்கத்தில் கிடக்கிறார். ஸ்கைலர் சாதாரணமாக, செல்போன் எடுத்து வைத்தீர்களா என்று கேட்கிறாள். அவர் அரைத் தூக்கத்தில், "எந்தப் போன்?" என்கிறார். அவ்வளவுதான். பல மாதங்களாக இன்னொரு போன் கிடையாது என்று சாதித்த மனிதர். கேமரா ஸ்கைலரின் முகத்தில் நிற்கிறது. அவள் ஒன்றும் சொல்லவில்லை, சிகிச்சைக்கு அனுப்பிவைக்கிறாள், தேறும்வரை பார்த்துக்கொள்கிறாள், ஒவ்வொரு பொய்யாக விசாரித்துத் தெரிந்துகொள்கிறாள், பிறகுதான் வீட்டை விட்டுப் போகச் சொல்கிறாள்.

அந்த இடத்தில் என் மனைவி தொடரை நிறுத்தச் சொன்னாள். "இவளையா எல்லாரும் திட்டினாங்க? எங்க போனீங்கன்னுதானே கேட்டா?" என்றாள். நான் என்னையும் சேர்த்துத்தான் என்று ஒப்புக்கொண்டேன். அன்று இரவு வெகுநேரம் பேசினோம்.

எலீனாவை வெறுத்த ஒரு விளையாட்டுக்காரரைக்கூட நான் பார்த்ததில்லை. எல்லோருக்கும் அவளைப் பிடிக்கும், எனக்கும் உயிர். ஸ்கைலர் கேட்பதையே அவளும் கேட்கிறாள். பின் ஏன் இந்த வித்தியாசம்? எனக்குக் கிடைத்த பதில் எனக்கே பிடிக்கவில்லை. எலீனா கோபித்துக்கொண்டு போனாலும் திரும்பி வருகிறாள், கயிற்றைப் பிடிக்கிறாள், துப்பாக்கியை எடுக்கிறாள், கணவனின் சாகசத்தில் சேர்ந்துகொள்கிறாள். அவள் வருவதால் விளையாட்டு நிற்காமல் ஓடுகிறது. ஸ்கைலர் நிறுத்தச் சொல்கிறாள். நமக்கு மனைவி கேள்வி கேட்பது பிரச்சினை இல்லை, ஆட்டம் நின்றுவிடக் கூடாது, அவ்வளவுதான். விளையாட்டில் கண்ட்ரோலர் நம் கையில் இருப்பதால் நாயகனின் பக்கம் சேர்ந்துவிடுகிறோம் என்று நினைத்திருந்தேன். தொடரில் கையில் ஒன்றுமே இல்லை. ஆனாலும் அதே பக்கம்தான் உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டால் வேறு சிலதும் கண்ணில் படாது. நான்காம் பாகத்தில் டிரேக் தேடுவது ஹென்றி எவரி என்ற கடற்கொள்ளையனின் புதையல். எவரி நிஜ மனிதன். 1695 செப்டம்பரில், மக்கா யாத்திரை முடித்தவர்களோடு சூரத் திரும்பிக்கொண்டிருந்த அவுரங்கசீப்பின் கஞ்ச்-இ-சவாய் கப்பலைக் கொள்ளையடித்தான். அவன் ஆட்கள் நாள்கணக்கில் கப்பலில் இருந்து பயணிகளைச் சித்திரவதை செய்தார்கள், பெண்களைச் சீரழித்தார்கள். மானத்துக்கு அஞ்சி உயிரை விட்ட பெண்களும் உண்டு. எவரி பிடிபடவே இல்லை. விளையாட்டில் இந்தக் கொள்ளை மீண்டும் மீண்டும் பேசப்படுகிறது. எத்தனை கோடி மதிப்பு, எங்கே ஒளித்தான், எந்தச் சிலுவைக்குள் என்ன குறிப்பு. யாருடைய பொன் அது என்று எவரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. ஒரு காசை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அடுத்த மினுக்கலைத் தேடினேன். வரலாற்றைப் பிறகு படித்தபோது மனம் கூசியது.

இன்னொன்றும் கவனித்தேன். அன்சார்ட்டட் கதைகளில் புதையல் கடைசியில் பெரும்பாலும் போய்விடும். எல் டொராடோவின் பொற்சிலை கடலுக்குள், ஷாம்பலா இடிபாடாக, உபார் நகரம் மணலுக்குள். பேராசையைச் சுமப்பது வில்லன்களின் வேலை. எவரியும் அவன் கூட்டாளி டியூவும் மற்ற தலைவர்களை விருந்துக்கு அழைத்து விஷம் வைத்துக் கொன்றுவிட்டு, கடைசியில் கப்பலில் ஒருவரையொருவர் வெட்டிச் சாகிறார்கள். நான்காம் பாகத்தின் வில்லன் ரேஃப் பொன்மூட்டைக்கு அடியில் நசுங்குகிறான். டிரேக் ஏறக்குறைய வெறுங்கையோடு தப்பித்து வருகிறான். பொன் கையில் நிலைத்திருந்தால் அவன் என்ன ஆகியிருப்பான் என்று சோதித்துப் பார்க்கும் வாய்ப்பே கதையில் வராது. பூமி விழுங்கி அவனைக் காப்பாற்றிவிடுகிறது.

வால்ட்டருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. இரண்டாவது சீசன் தொடக்கத்தில் அவர் கணக்குப் போட்டபோது குடும்பத்துக்குத் தேவைப்பட்டது 7,37,000 டாலர். பழைய நண்பர்கள் சிகிச்சைச் செலவை ஏற்கத் தயாராக இருந்தார்கள், அதை மறுத்தவர் அவர். ஐந்தாவது சீசனில் ஸ்கைலர் அவரை ஒரு வாடகைக் கிடங்குக்கு அழைத்துப்போய்ப் போர்வையை விலக்கிக் காட்டுகிறாள். கட்டில் அளவுக்கு நோட்டுக்கட்டு. எவ்வளவு என்று அவளுக்குத் தெரியாது, எண்ணி முடிக்க முடியவில்லை. பூச்சி அரிக்காமல் இருக்க மருந்து அடித்து வைத்திருக்கிறாள். இந்தக் குவியல் இன்னும் எவ்வளவு பெரிதாக வேண்டும் என்று கேட்கிறாள். இதுவும் ஒரு கேள்விதான், இதற்கும் அவரிடம் பதில் இல்லை.

பிறகு வருவது அசல் புதையல் கதை. 8 கோடி டாலரை ஏழு பீப்பாய்களில் அடைத்து, நியூ மெக்சிகோ பாலைவனத்தில் தனியாகக் குழி தோண்டிப் புதைக்கிறார் வால்ட்டர். இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை எண்களை மனப்பாடம் செய்துகொண்டு ஜி.பி.எஸ். கருவியை உடைத்துவிடுகிறார். அந்த எண்களுள்ள லாட்டரிச் சீட்டை வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைக்கிறார். புதையல் வரைபடம் இனி அதுதான். அந்த இடத்தில்தான் அவர் சகலை ஹாங்க் சுட்டுக் கொல்லப்படுகிறார். ஹாங்கை உயிரோடு விட்டால் 8 கோடியையும் தருகிறேன் என்று வால்ட்டர் கெஞ்சியும் நடக்கவில்லை. அவரைச் சுட்ட ஜாக் என்பவனின் கும்பல் ஆறு பீப்பாய்களைத் தோண்டி எடுத்துப்போகிறது, ஒன்றை இரக்கப்பட்டு விட்டுவைக்கிறது. அந்த ஒற்றைப் பீப்பாயை வெயிலில் தனியாக உருட்டிக்கொண்டு போகிறார் வால்ட்டர். பூதம் காத்த புதையல் என்பார்களே, அந்தப் பூதம் எப்படி உண்டாகிறது என்று யாராவது கேட்டால் இந்தக் காட்சியைக் காட்டலாம்.

கடைசி எபிசோடில் அவர் ஸ்கைலரிடம் உண்மையைச் சொல்வதைத்தான் எல்லோரும் கொண்டாடுவார்கள். குடும்பத்துக்காக இல்லை, எனக்காகத்தான் செய்தேன், பிடித்திருந்தது என்கிறார். பெரிய காட்சிதான், மறுக்கவில்லை. ஆனால் என்னை உலுக்கியது அதற்கு முந்தைய எபிசோட்.

நியூ ஹாம்ப்ஷயரில் பனி மூடிய ஒரு குடிசை. தலைமறைவாக வாழும் வால்ட்டருக்குத் துணை என்று யாரும் இல்லை. ஆட்களை மறைத்து வைப்பதைத் தொழிலாகச் செய்யும் மனிதர் ஒருவர் அவ்வப்போது காரில் வந்து சாமானும் செய்தித்தாளும் மருந்தும் கொடுத்துவிட்டுப் போவார். புற்றுநோய் மருந்தைக் கையில் ஏற்றிவிடுவதும் அவர்தான். ஊசி ஏறியதும், இன்னும் இரண்டு மணி நேரம் இருங்கள், பத்தாயிரம் டாலர் தருகிறேன் என்கிறார் வால்ட்டர். பத்தாயிரத்துக்கு ஒரு மணி நேரம்தான் என்கிறார் வந்தவர். சரி என்கிறார். சீட்டுக்கட்டை எடுக்கிறார்கள். மூலையில் அந்தப் பீப்பாய் இருக்கிறது.

ஒருநாள் நீங்கள் வரும்போது நான் செத்துக் கிடப்பேன், அப்போது இந்தப் பணத்தை என் குடும்பத்திடம் சேர்ப்பீர்களா என்று கேட்கிறார் வால்ட்டர்.

சேர்ப்பேன் என்று சொன்னால் நம்புவீர்களா என்று திருப்பிக் கேட்கிறார் அந்த மனிதர்.

வால்ட்டர் ஒன்றும் சொல்லவில்லை. என் மனைவி ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தாள். அங்கே பேசுவதற்கு யாரும் இல்லை, குறைக்கச் சத்தமும் இல்லை. ஆனாலும் குறைத்தாள்.